வெள்ளத்தாய் எடுக்காத முட்டை

வெள்ளத்தாயைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அவளுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தவனே நான்தான். ஆனால் ஊரறியப் பழி போட்டவன் ஊரறியத்தான் அதை எடுக்கவும் வேண்டும்.

சோழபுரத்துக்காரி. நாற்பது வயதிருக்கும். புருஷன் ஆலங்குளம் பக்கம் கல் குவாரியில் வேலை பார்க்கிறார், வாரம் ஒருமுறைதான் வருவார். அவள் காலை முதல் பஸ்ஸில் இராஜபாளையம் வந்து, என் கோழிக் கொட்டகையைக் கூட்டி, தண்ணீர் வைத்து, முட்டைகளைப் பொறுக்கி அட்டையில் அடுக்கிவிட்டு மதியம் போவாள். இருநூறு கோழிகளில் பாதிக்குப் பெயர் வைத்திருந்தாள். மற்றதையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டுத் தீவனத்துக்கு முன்னால் நிற்கும் ஒன்றின் பெயர் 'மிலிட்டரி'. அது ஊர் எனக்கு வைத்த பெயர். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தேன், தனுஷ்கோடி என்ற என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தெருவில் யாருக்கும் தெரியாது.

இப்போது ஒரு நூற்பாலையில் கேட் செக்யூரிட்டி. ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் பையைத் திறந்து பார்த்துப் பார்த்து, பையோடு யார் போனாலும் சந்தேகப்படுகிற புத்தி எனக்கு வந்துவிட்டது.

ஐப்பசியில் பகல் குறையக் குறைய முட்டையும் குறையும். விடியுமுன் விளக்குப் போட்டு, நாளைக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் கிடைக்கச் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். பதினாறே நல்லதென்றால் இருபத்துநாலு இன்னும் நல்லதுதானே என்று கணக்குப் போட்டேன். பட்டாளத்தில் ஸ்டோர் விளக்கை யாராவது அணைப்பார்களா? நான்கு பல்பு மாட்டினேன். அணைக்கவே இல்லை.

ஒரு மாதத்தில், நூற்றைம்பது முட்டை வந்த இடத்தில் தொண்ணூறுதான் வந்தது. தரையில் பரப்பிய உமி அங்கங்கே நனைந்து கிடக்கிறது, என்னவென்று பாருங்கள் என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். தண்ணீரைச் சிந்தியது நீதான் என்று வாயை அடைத்தேன்.

ஒரு நாள் அவள் பின்னாலேயே போய், பஸ் ஸ்டாப்பில் வைத்துப் பையைத் திறக்கச் சொன்னேன். சோழபுரத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். திறந்தாள். தூக்குவாளியும் ஒரு துண்டும்தான் இருந்தன. அதோடு நான் திரும்பியிருக்கலாம்.

"இன்னைக்கு இல்லன்னா நேத்து எடுத்திருப்ப" என்றேன்.

அவள் பையை மூடிக்கொண்டு பஸ் ஏறினாள். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

அவள் போன பிறகும் முட்டை கூடவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ கோழிக்குச் சீக்கு என்று நினைத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் கால்நடை டாக்டர் ஜெயசித்ராவைப் பார்க்கப் போனேன். விளக்கை எத்தனை மணிக்கு அணைக்கிறீர்கள் என்று கேட்டார். அணைப்பதே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இருட்டையும் வெளிச்சத்தையும் வைத்துத்தான் கோழியின் உடம்புக்கு நேரம் தெரியும், இருட்டியதும் அடைந்து உறங்கும், விடிந்தபின் முட்டையிடும் என்றார். இருட்டே இல்லையென்றால் கண்ட நேரத்தில் இடுமாம். சரியான உறக்கமில்லாமல் எதையாவது கொத்திக்கொண்டே இருக்குமாம். ஒரு நாள் பொழுதடைந்த பிறகு உள்ளே போய் உட்கார்ந்து பாருங்கள் என்று அனுப்பினார்.

உட்கார்ந்தேன். மணி எட்டு. அடைந்திருக்க வேண்டிய கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. மூலையில் ஒன்று முட்டையிட்டது. அது எழுந்து விலகுவதற்குள் மூன்று ஓடிவந்து முட்டையை உடைத்து, ஓடுகூட விடாமல் தின்றன. நனைந்த உமிதான் மிச்சம். கோழிகளுக்கு முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பட்டாளத்துக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் சோழபுரம் போனேன். அவள் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது, இவள் ஒரு முட்டைகூட எடுக்கவில்லை என்று சொன்னேன். அவள் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். மற்றவர்கள் கலைந்த பிறகுதான் பேசினாள்.

"நீங்க வந்து சொன்னது எனக்குப் போதும் அண்ணாச்சி. எம்மவ மாரிச்செல்விதான் பள்ளிக்கூடத்துல சத்துணவு முட்டைய வாங்க மாட்டேங்கா. ஒங்கம்மா எடுத்தது பத்தாதான்னு கூடப் படிக்கிற பிள்ளைங்க கேட்டிருக்கு."

அந்தப் பிள்ளை ஏழாவது படிக்கிறது. கூப்பிட்டு உட்காரவைத்து, விளக்குப் போட்டது, கோழியே முட்டையைத் தின்றது என்று எல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி தாத்தா" என்றது.

இப்போது இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிறேன். முட்டை பழையபடி வருகிறது, நானே பொறுக்குகிறேன். வெள்ளத்தாய் டவுனில் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போகிறாள். போன வாரம் கடைத்தெருவில் எதிரே வந்தாள். பிள்ளை முட்டை வாங்குகிறதா என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல" என்றாள்.