நான் கேட்ட வீட்டை எஸ்தரும் கேட்டாள்

அந்த வருஷம் அம்மாவால் படுத்து உறங்க முடியவில்லை. சுவரில் தலையணையை வைத்து, அதில் முதுகைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவார். ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் பின்னால் தோல் ஷாப்பு. தோலிலிருந்து மயிரை உதிர்க்க ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிகள் எங்கள் அடுப்படிச் சன்னலுக்கு நேரே இருந்தன. மேல்காற்று தொடங்கினால் நெடி முழுவதும் வீட்டுக்குள் வரும். உடனே அம்மாவின் நெஞ்சில் விசில் சத்தம் எழும்.

நான் வேலூரில் கம்பவுண்டர் படிப்புப் படித்தவள். ஆம்பூரில் பெண்களுக்கான மருந்துச்சாலையில் மருந்து கலந்து கொடுப்பது என் வேலை. இழுப்புக்கு எதை எந்த அளவில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சேர்த்துக் கொடுத்தேன். கேட்கவில்லை. எங்கள் லேடி டாக்டர் ஒருநாள் அம்மாவைப் பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: "மருந்தை எவ்ளோதாம்மா ஏத்துவ? காத்தை மாத்தற மருந்து நம்ம அலமாரியில இல்ல. வீட்டை மாத்து."

வீடு தேடினேன். ரயில் பாதைக்கு மேற்கே ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது. எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம். முதலாவது, தோல் ஷாப்புகள் எல்லாம் அதற்குக் கிழக்கே; மேல்காற்றில் நெடி அந்தப் பக்கம் வராது. இரண்டாவது, கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. ஒரு செம்பு வாங்கிவந்து துவரம்பருப்பு வேகவைத்துப் பார்த்தேன், மலர்ந்து வெந்தது. மூன்றாவது, மருந்துச்சாலைக்கு நடந்துபோகும் தூரம். நான்காவதாக ஒரு குறையும் எழுதினேன்: எங்கள் இருவருக்கு அது பெரிய வீடு. விலையும் எங்களுக்குப் பெரிதுதான். ஆனாலும் கேட்டேன்.

எனக்காகப் பேசப் போனவர் யோவான் மாமா. அம்மாவின் தம்பி, பள்ளிக்கூடத்து வாத்தியார். வீடு ஒரு தோல் வியாபாரியுடையது. ஊரில் பெரிய சாயபு என்பார்கள். அவர் மாமாவை மரியாதையாக உட்காரவைத்து, "யோசிச்சுச் சொல்றேன் வாத்தியாரே" என்றாராம். அந்த வாரமே மாரடைப்பில் இறந்துபோனார். அவர் மனைவி இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த முஸ்லிம் பெண் சில மாதங்கள் வெளியே வராமல், அந்நிய ஆண்கள் முன் நில்லாமல் இருக்கும் துக்க காலம் அது. ஆகவே மாமா இறந்தவரின் தம்பி சின்ன சாயபுவைப் போய்ப் பார்த்தார். அவர், "இப்போ ஒரே பேஜாரா இருக்கு வாத்தியாரே, பாக்கலாம்" என்றார். மறுபடி போனார். மறுபடியும் பாக்கலாம்.

காத்திருப்பதைக்கூடப் பொறுத்திருப்பேன். எஸ்தர் வந்தாள்.

எஸ்தரும் நானும் வேலூரில் ஒரே விடுதியில் இருந்தவர்கள். படிப்பை முடிக்காமல் கல்யாணம் செய்துகொண்டு போனாள். நான் ஆராதனையில் பாடினால் யாரும் திரும்பமாட்டார்கள். அவள் பாடினால் போதகரின் மனைவி ஐயரம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வார். அவள் புருஷன் அதே சாயபுவின் தோல் ஷாப்பில் கணக்கு எழுதுபவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி கம்பவுண்டரம்மா, ரயில் பாதைக்கு அந்தாண்ட இருக்கற வூட்டை நீயும் கேட்டுக்கிறியாமே?"

"ஆமாம். அம்மாவுக்கு மூச்சு முட்டுது."

"எனக்கும் மூச்சு முட்டுது. மூணு புள்ளைங்களோட ஒரே ரூம்ல இருந்து பாரு." சிரித்தாள். "எங்கூட்டுக்காரரு சின்ன சாயபுவாண்ட தினம் பேசிக்கினுதான் இருக்காரு. உங்க மாமா மாசத்துக்கு ஒரு தபாதான் போறாராமே?"

அன்று பிரசங்கம் எதைப் பற்றி என்று எனக்கு நினைவில்லை. அவள் சிரிப்புதான் காதில் இருந்தது.

அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போய்வருவது வழக்கமாகிவிட்டது. வீடு அங்கேதான் இருக்கிறதா என்று பார்க்கிறவள் போலப் போவேன். ஒரு சாயங்காலம் கதவு திறந்திருந்தது. உள்ளே எஸ்தர் ஒரு சணல் கயிற்றைச் சன்னலின் குறுக்கே பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். திரை தைக்க அளவு எடுக்கிறாளாம்.

"பதில் வந்துடுச்சா?" என்றேன்.

"வரும்டி. வந்தப்புறம் அளவெடுக்க ஓடறதா?"

என் சன்னல் அது. அதன் அடியில் அம்மாவின் கட்டில் என்று நான் மனதில் போட்டு வைத்திருந்த இடத்தில் அவள் செருப்போடு நின்றாள். வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்றேன். வீட்டைத் தாரும் என்று கேட்டேன். அதோடு நிறுத்தவில்லை. எஸ்தருக்குத் தராதேயும் என்றும் கேட்டேன். எது முதலில் வாயில் வந்தது என்று ஆண்டவருக்குத் தெரியும்.

மார்கழிப் பனியில் ஒரு விடியற்காலை அம்மாவுக்கு இழுப்பு அதிகமானது. உதடு நீலம் பாய்ந்தது. நான் கொடுத்த மருந்து கடைவாயில் வழிந்தது. எனக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டேன். செய்ய வேறு எதுவும் இல்லை. அம்மாவின் முதுகை என் மார்பில் தாங்கிக்கொண்டு, "ஆண்டவரே, மூச்சு, மூச்சு" என்று மட்டும் சொன்னேன். அந்த ஜெபத்தில் வீடு இல்லை. எஸ்தரும் இல்லை. பொழுது புலர்ந்து பனி விலகியபோது இழுப்பு கொஞ்சம் தணிந்தது. இன்னொரு குளிர்காலத்தை அந்த வாடகை வீட்டில் அம்மா தாங்கமாட்டார் என்று அப்போது எனக்குத் தெரிந்துபோயிற்று.

அதே நாள் பிற்பகல் டாக்டர் என்னிடம் இருமல் மருந்தைக் கொடுத்து, பெரிய சாயபுவின் மனைவி பீபிஜானிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். இத்தாவில் இருப்பவரை மருந்துச்சாலைக்கு வரச் சொல்ல முடியாது. முன்பும் நான் அங்கே போயிருக்கிறேன். வீட்டுப் பேச்சை ஒருநாளும் எடுத்ததில்லை. துக்க வீட்டில் பேசக் கூடாது. அதோடு அது ஆண்கள் பேசவேண்டிய காரியம் என்று இருந்தேன்.

படுதாவைத் தாண்டி உள்ளே போனேன். பீபிஜான் வெள்ளைச் சேலையில் பாயில் உட்கார்ந்திருந்தார். மருந்தை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். என்னை அவர் பேட்டி என்றுதான் கூப்பிடுவார்; உருதுவில் மகள்.

"கசக்குது பேட்டி. உன் மூஞ்சி மாதிரி. இன்னா ஆச்சு?"

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். நல்ல காற்றுக்காக வாத்தியார் மாமா வீடு கேட்டு அலைவதும் வாயில் வந்துவிட்டது. அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதேன்.

"அப்போ அந்த வாத்தியார் உன் மாமாவா? அம்மாவுக்கு முடியலன்னு அவரு ஒரு வார்த்தை சொல்லலியே. காத்து நல்லா இருக்கும், தண்ணி நல்லா இருக்கும்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"படுதாவுக்கு இந்தாண்டதானே உக்காந்திருக்கேன்? எனக்கு இன்னா, காது இல்லியா? உன் மாமா வருவாரு. அந்தக் கணக்குக்காரரு வருவாரு. என் கொழுந்தன் பாக்கலாம், பாக்கலாம்னுவான். அவன் இன்னாத்தப் பாப்பான்? அது என் வூடு. நிக்காஹ்ல மஹரா எனக்கு எழுதிக் குடுத்தது. இத்தனை பேரு வந்தீங்க, என்னாண்ட ஒருத்தராவது கேட்டீங்களா? நீ எத்தினி தபா உள்ள வந்த? நீயும் கேக்கல."

கட்டிய பெண்ணுக்குக் கணவன் கொடுக்கும் மஹர் அவளுக்கே சொந்தம் என்பது அந்த ஊரில் பிறந்து வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் நாங்கள் எல்லாரும் வெளி அறையிலேயே கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அம்மா, எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னொருத்தி கேக்கறாளே, அவ எப்படி?"

சகோதரிகளே, அந்தக் கேள்வி என் கையில் கொடுக்கப்பட்ட கத்தி. பொய் சொல்ல எனக்கு வராது. உண்மைகளில் கூரானதாகப் பார்த்து எடுத்தேன். "அவளுக்கு மூணு பிள்ளைங்க அம்மா. மூணும் ஆம்பளைப் பசங்க. சுவரெல்லாம் கரியில கிறுக்கும். ஒரு நிமிஷம் சும்மா இருக்காதுங்க. வூடு ரெண்டாயிடும்."

பீபிஜானின் முகம் மலர்ந்தது. "மூணா! மாஷா அல்லா. எனக்குத்தான் அந்தக் குடுப்பினை இல்ல. அந்த வூட்ல ஒரு புள்ள ஓடி நான் பாக்கல."

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். என் வாயாலேயே வீட்டை எஸ்தருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் மருந்துப் புட்டியை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "அது ரெண்டு கட்டு வூடு. நடுவுல இருக்கற கதவை அடைச்சா ரெண்டு வூடு. கிணறு பொதுவா இருக்கட்டும். காத்து வர்ற முன்கட்டு உன் அம்மாவுக்கு. முற்றம் இருக்கற பின்கட்டு அந்தப் புள்ளைங்களுக்கு. ஒத்துக்கறியா?"

ஆண்டவரிடம் நான் கேட்ட இரண்டையும் அவர் கேட்டிருக்கிறார் என்று அந்த நிமிஷமே புரிந்தது. ஒன்றுக்கு ஆம், மற்றதற்கு இல்லை. முழு வீட்டின் விலை எங்களுக்கு எட்டாதது என்பதையும் அவர் மறக்கவில்லை. "ஒத்துக்கறேன்" என்றேன். அவ்வளவு சுலபமாக அந்தச் சொல் வரவில்லை.

இத்தா முடிந்ததும் பீபிஜான் மூடு வண்டியில் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்து கைநாட்டு வைத்தார். நாங்கள் குடிபோனோம். முதல் வாரத்திலேயே அம்மா தலையணையைச் சுவரிலிருந்து எடுத்துக் கட்டிலில் போட்டார். படுத்து உறங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஸ்தோத்திரம் செய்தேன்.

பொறாமை அதோடு தீர்ந்துவிட்டது என்று சாட்சி சொல்ல ஆசை. சொல்லமாட்டேன். போன மழைக்காலத்தில் நான் மருந்துச்சாலையில் இருந்தபோது அம்மாவுக்கு மறுபடி இழுப்பு வந்தது. எஸ்தர் சத்தம் கேட்டு ஓடிவந்து, அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து, வெந்நீர் ஆவி பிடிக்கவைத்து, பெரியவனை என்னைக் கூப்பிட அனுப்பியிருக்கிறாள். நான் ஓடிவந்தபோது அம்மா அவள் தோளில் சாய்ந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? பயப்படாதே, எம்பொண்ணு பாத்துக்கினா" என்றார் அம்மா.

"எந்தப் பொண்ணு?" என்றேன்.

எஸ்தர் சிரித்தாள். "பாருங்கம்மா, இதுக்கும் எரியுது இவளுக்கு."

எரிந்தது உண்மைதான். ஆனால் அன்று அந்தச் சுவருக்கு அப்புறம் அவள் இல்லாதிருந்தால் எனக்கு அம்மா இல்லை. ஆகையால் இப்போதெல்லாம் கிணற்றடியில் அவளுக்கு முன்னால் நான் குடத்தோடு நின்றால், ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டு, வாய்க்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன். சில நாள் அவளுக்காகவும் ஜெபிக்கிறேன்.

பதிலுக்காகக் காத்திருக்கிறவர்களே, மனம் தளராமல் கேளுங்கள். என்ன வேண்டுமோ அதைச் சொல்லிக் கேளுங்கள். ஆண்டவர் வீடு தருவார். பக்கத்துவீட்டில் யார் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.