அவளுக்காக நான் சொன்ன 'யெஸ் மேம்'

எங்கள் வகுப்பில் அறுபது பெண்கள். என் தோழி முப்பத்திரண்டாம் எண், நான் நாற்பத்தேழு. மேடம் தலையை நிமிர்த்தாமல் எண்களை வாசித்துக்கொண்டே போவார். முப்பத்திரண்டு வந்ததும் முக்காட்டை வாய்வரை இழுத்துக்கொண்டு கீச்சுக் குரலில் ஒரு 'யெஸ் மேம்' சொல்வேன். நாற்பத்தேழுக்கு என் சொந்தக் குரல், வீட்டில் எல்லோரும் தகரக் குரல் என்று கேலி செய்வது. ஒரு செமஸ்டர் முழுக்க ஒரு நாள்கூட மாட்டவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

நாங்கள் இருவரும் ஆம்பூர். ஒரே பஸ்ஸில் வேலூர் காலேஜுக்கு வந்து போனவர்கள். இரண்டாம் வருடம் தொடங்கிய சமயத்தில் அவளுடைய அண்ணன் ஹைவேயில் பைக் மோதிச் செத்துப்போனான். அதற்குப் பிறகு அவள் அம்மா, ஆள் அசந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு ஹைவேக்கு நடந்துவிடுவார், மகனைக் கூட்டிவர. ஒருமுறை லாரிகளுக்கு நடுவில் நின்றவரைப் பழக்கடைக்காரர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அப்பாவுக்கு ஷூ கம்பெனியில் வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். அவர் போன பிறகு வீட்டில் அம்மாவோடு இருக்க அவளை விட்டால் ஆளில்லை.

"நாலு நாளைக்குத்தான். அட்டெண்டன்ஸ நீ பாத்துக்கறியா?" என்றாள்.

"இதுக்குப் போய் இன்னா பேஜாரு? நான் இருக்கேன் இல்ல" என்றேன்.

நாலு நாள் நாலு மாதமானது.

எங்கள் மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. சேர்ந்தாற்போல் மூன்று நாள் வராதவள் வீட்டுக்குப் போன் செய்துவிடுவார். அதை நாங்கள் பெரிய தொல்லையாக நினைத்தோம். அப்படி ஒரு போனில்தான் இன்னொரு பெண்ணின் அப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பது தெரிந்து, மேடமே அலைந்து அவளுக்கு ஹாஸ்டலில் இடம் வாங்கிக் கொடுத்தார். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் 'யெஸ் மேம்' சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்ஸ் கொண்டுபோய்க் கொடுப்பேன். தாழ் போட்ட கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். போன வாரம் கொடுத்த நோட்டு மடியில் அதே பக்கத்தில் திறந்திருக்கும். அவள் அம்மா தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு, "அவன் வர்ற நேரமாச்சு, வழி விடும்மா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நான் நோட்டை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். அட்டெண்டன்ஸ் இருந்தால் படிப்பும் இருக்கும் என்று நினைத்த மடச்சி நான்.

இன்டர்னல் பரீட்சைக்கு மட்டும் யாரையாவது காவல் வைத்துவிட்டு வந்தாள். பேரும் எண்ணும் எழுதிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு மேடம் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஒரு நாள் தவறாம வர்ற. வந்து இன்னா பண்ற இங்க? திமிரா?"

அவள் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நான் மாட்டுவேன். அதற்காகத்தான் நின்று வாங்கிக்கொண்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை. அதை இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

செமஸ்டரில் ஐந்து பேப்பர், ஐந்தும் அரியர். இனி முடியாது என்று நின்றுவிட்டாள். டிசி வாங்க அவள் அப்பா வந்தார். ஆபீசைக் காட்ட நான் கூடப் போனேன். வெளியே வந்ததும் டிசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தபடி, தன்பாட்டில் சொல்வதுபோல் சொன்னார்.

"அவ வீட்டுல இருக்கிறது எனக்குத் தெரியும்மா. காலேஜ்ல ஒண்ணும் சொல்லலன்னு சொன்னா. சரி, படிப்பு கெடலன்னு நெனச்சிட்டேன். ஒரு போன் வந்திருந்தா போதும். அணைக்கட்டு ஊர்ல என் தங்கச்சி இருக்கா. கூப்பிட்டா அன்னைக்கே வந்து நின்னிருப்பா."

அவர் ஆம்பூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். கையைக் காட்டினேன்.