டெம்ப்ளேட் இருந்த இடம்

பிரபாகருக்கு 'முடியாதுங்க' என்று சொல்லவே வராது. அருள்புரத்தில் குழந்தைச் சட்டைகளை ஏற்றுமதி செய்யும் எங்கள் கம்பெனிக்கு அவர்தான் கம்ப்யூட்டர்காரர். 2008இல் ஏதோ ஒரு ஃப்ரேம்வொர்க்கை வைத்து ஒரு வெப் சாஃப்ட்வேர் செய்து கொடுத்தார். தைக்கும்போது ஊசி ஒடிந்து துண்டு கிடைக்காவிட்டால், சூப்பர்வைசர் அதில் பதிய வேண்டும். உடனே ஷிப்பிங்குக்கு மெயில் போகும்: "சரக்கை நிறுத்தவும். உள்ளே ஊசித் துண்டு இருக்கலாம்."

இந்த மெயில்களில் போகும் வாசகத்தை, அதாவது டெம்ப்ளேட்டை, எங்கே வைப்பது என்பதில்தான் வினை வந்தது.

"வார்த்தையை மாத்தறதுக்கெல்லாம் உங்களைத் தேட முடியுங்களா? என்ர கம்ப்யூட்டர்லயே வெச்சுருங்க" என்றார் மேனேஜர் சீனிச்சாமி.

"சரிங்க" என்றார் பிரபாகர்.

சாஃப்ட்வேர் முதலில் மேனேஜர் கம்ப்யூட்டரில் தேடும். அங்கே கிடைக்காவிட்டால், யாரிடமும் சொல்லாமல் தன்னிடம் உள்ள பொது வாசகத்தை அனுப்பிவிடும்: "பதிவு முடிந்தது. நன்றி."

ஆயுத பூஜை வந்தது. காலையிலேயே மேனேஜர் கம்ப்யூட்டரை அணைத்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். பொட்டு வைத்ததை அன்றைக்கு யாரும் தொடமாட்டோம். தையல் லைன் ஒன்றும் அதன் கம்ப்யூட்டரும் மட்டும் அவசர ஆர்டருக்காக ஓடின. அங்கே ஓர் ஊசி ஒடிந்தது. ஊசி கண்டுபிடிக்கும் மெஷினோ ரிப்பேருக்குப் போயிருந்தது. 'பதிஞ்சாச்சு, இனி கம்ப்யூட்டர் பார்த்துக்கும்' என்று சூப்பர்வைசரும் பூஜைக்குப் போய்விட்டார். மதியம் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பியது. மிஞ்சிய மஞ்சள் சட்டைகளைப் பொரியோடு சேர்த்து எங்களுக்கே கொடுத்தார்கள்; பிரபாகரும் ஒன்று வாங்கிப் போனார்.

லீவு முடிந்த காலையில் டெய்லர் முத்துப்பேச்சி பிரபாகரிடம் வந்தாள். விளாத்திகுளத்துக்காரி.

"தம்பி, பூசையன்னைக்கு என் மெஷின்ல ஒடிஞ்ச ஊசித்துண்டு கெடச்சிட்டா?"

"எந்த ஊசிங்க்கா?"

பூஜையன்று ஷிப்பிங்குக்குப் போன மெயிலைப் பிரபாகர் திறந்தார். 'பதிவு முடிந்தது. நன்றி.' நான் பக்கத்துச் செக்கிங் டேபிளில்தான் இருந்தேன். ஷிப்பிங்குக்குப் போன் போட்டார். கன்டெய்னர் கப்பலேறிவிட்டது என்றார்கள். பிறகு ஏதோ உறைத்ததுபோல மண்ணரையில் இருக்கும் தன் வீட்டுக்கு அடித்தார்.

"தமிழ்மதி, அந்த மஞ்சச் சட்டை எங்க?"

அவர் மனைவியின் குரல் எனக்கே கேட்டது. பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"பாப்பாவுக்குத்தானுங்க போட்டிருக்கறேன். போட்டதுல இருந்து அழுதுட்டே இருக்கறா. ஏன்னு தெரியலீங்க."

பிரபாகர் சத்தம் போட்டு நாங்கள் அன்றுதான் கேட்டோம்.

"கழட்டு!"