கரி பஸ்ஸுக்கு நான் எழுதிய நாற்பது மைல்

பேய், பிசாசு, மோகினி என்று யார் வந்து சொன்னாலும், எத்தனை மணி, எந்த இடம், சாட்சி யார் என்று கேட்டே பழகியவன் நான். போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவனுக்கு அந்தப் புத்திதான் வரும். அப்படிப்பட்டவன் சொல்கிறேன் என்பதற்காகவாவது சிரிக்காமல் கேளுங்கள். சிரித்தாலும் சரி, நடந்தது நடந்ததுதான்.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பூந்தமல்லி ரோட்டில் பஸ்கள் எல்லாம் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு அந்தப் புகையில் ஓடின. ஓடின என்று சொல்வதே அதிகம், சைக்கிள்காரன் மணி அடித்துவிட்டு முந்திப் போவான். எங்கள் ஸ்டேஷனிலோ, மோட்டார் விபத்து என்றால் காரணத்தை யோசித்து எழுதும் வழக்கமே கிடையாது. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்று கை தானாக எழுதிவிடும். நின்றிருந்த லாரியில் மாட்டு வண்டி போய் முட்டினாலும் லாரிக்கு அதிவேகம்தான். கரி பஸ்ஸுக்கு மட்டும் அந்த முதல் வார்த்தையை விட்டுவிடுவோம், எழுதினால் கோர்ட்டில் சிரிப்பார்கள்.

அப்படி ஒரு கரி பஸ்ஸை ஓட்டியவன் முனிரத்தினம். அவன் மேல் எனக்கு எவ்வளவு பொறாமை என்று சொன்னால்தான் மற்றது புரியும். மேனாம்பேட்டில் சரசு என்ற பெண்ணை நான் பார்த்து, வீட்டில் பேசி, பூ வைக்கிற வரைக்கும் வந்தது. கடைசி நேரத்தில் அவள் அப்பா, மோட்டார் டிரைவர் மாப்பிள்ளை கிடைத்துவிட்டான் என்று அவளை இவனுக்குக் கொடுத்துவிட்டார். இவனோ தினமும் ஸ்டேஷன் வாசலில் ஹாரனை அமுக்கி, "இன்னா அண்ணாத்தே, நல்லா கீறீங்களா?" என்று பல் தெரியச் சிரிப்பான். பழைய விஷயம் எதுவும் அவனுக்குத் தெரியாது, அதுதான் எனக்கு இன்னும் எரியும். அவன் காக்கிச் சட்டையில் அவள் தைத்துக் கொடுத்த பொத்தான்கூட என் கண்ணை உறுத்தும், நம்பினால் நம்புங்கள்.

ஒரு நாள் பகலில், காட்டுப்பாக்கத்தில், நான் அவன் பஸ்ஸில் அவனுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே, சைக்கிளில் வந்த பால்காரர் ஒருவர் கேன் சரிந்து பஸ்ஸின் முன் சக்கரத்தில் விழுந்தார். அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம். பஸ் நடக்கிற வேகத்தில்தான் வந்தது, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஸ்டேஷனுக்கு வந்து பேனாவை எடுத்தேன், அதிவேகம் என்று எழுதினேன். அது போதாதென்று நாற்பது மைல் என்றும் எழுதினேன். அவன் லைசென்ஸ் போக வேண்டும், அவன் ஜெயிலுக்குப் போக வேண்டும், இவனுக்கா கொடுத்தோம் என்று சரசுவின் அப்பா தலையில் அடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

மற்ற பயணிகள் எல்லாரும் பஸ் மெதுவாகத்தான் வந்தது என்று சொல்லிவிட்டார்கள். மோட்டார் இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு, "ஏன்யா ரைட்டர், கரி பஸ் நாப்பது மைல்ல போச்சா? அதையும் பாத்துடலாம், ஏறும்" என்றார். காட்டுப்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை அதே பஸ்ஸை அவனே ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. முனிரத்தினம் அடுப்பைக் கிளறி நெருப்பைப் பார்த்துவிட்டு, "இந்த வண்டியா நாப்பதுல போவும்? நீங்களே பாருங்க சார்" என்று சிரித்துக்கொண்டே ஏறினான்.

பால்காரர் விழுந்த இடம் வரை பஸ் முக்கி முனகிக்கொண்டுதான் போனது. அதைத் தாண்டியதும் வேகம் எடுத்தது. எடுத்தது என்றால், ஜன்னல் கட்டைகள் தடதடவென்று அடித்துக்கொள்ள, புளியமரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மாதிரி பின்னால் போக, இன்ஸ்பெக்டர் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "காலு பிரேக்குல கீது சார், நிக்க மாட்டேங்குது சார்" என்று முனிரத்தினம் அழுதான். எட்டிப் பார்த்தேன். ஒரு கால் கிளட்சில், ஒரு கால் பிரேக்கில், இரண்டும் அடிவரை அழுந்திக் கிடந்தன. நியாயமாக நான் பயந்திருக்க வேண்டும். என் மனசு, ஓடு, இன்னும் ஓடு என்றது.

பூந்தமல்லியில் பஸ் தானாகவே நின்றது. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்து, வந்த தூரத்தோடு கணக்குப் போட்டு, "நாப்பதுதான்" என்றார். அவரும் நானும் பின்னால் போய் அடுப்பைத் திறந்தோம். உள்ளே கரி கறுப்பாகவே கிடந்தது, நெருப்புப் பிடித்த அடையாளமே இல்லை. அவர் வெறும் கையை உள்ளே விட்டுப் பார்த்தார், அடுப்பு சில்லென்று இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார், அதற்குப் பிறகு என்னிடம் அவர் பேசியதே இல்லை.

லைசென்ஸ் போய், ஜெயிலுக்கும் போய்வந்து, முனிரத்தினம் வேலப்பன்சாவடிப் பக்கம் செங்கல் சுமந்துகொண்டிருந்தான். வழியில் என்னைப் பார்த்தவன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"மெதுவா வந்தேன்னுதான் அண்ணாத்தே நெனச்சிகினு இருந்தேன். அப்பால வண்டி போன வேகத்த என் கண்ணாலயே பாத்துட்டேனே. ஒரு உசுர எடுத்துட்டேன். நீங்க பின்னாலதான குந்திகினு இருந்தீங்க, சொல்லுங்க, அன்னிக்கும் அப்படித்தான் வந்தேனா?"

சரசு மோர் டம்ளரோடு நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றேன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். "உள்ளத எய்தினவரு, குடிச்சிட்டுப் போங்க" என்று சரசு டம்ளரை நீட்டினாள்.

அந்த பஸ்ஸை ஓட்டியது எது என்று இன்று வரை எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். ஆனால் அன்றைக்கு அந்த மோர் நன்றாக இருந்தது. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.