காற்றுக்கு ஏற்றிய கற்பூரம்

மகளோடு விடுமுறைக்குத் தீவுக்குப் போனபோதுதான் அந்தப் பட்டக்காரனைப் பார்த்தேன். காலில் பலகை மாட்டி, பெரிய பட்டம் இழுக்கக் கடல்மேல் ஓடும் விளையாட்டாம். பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு ஃபேக்டரியில் அவனுக்கு வேலை. வருஷ லீவை இதற்கே எடுத்திருந்தான். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. காற்று அடிக்கிறதா என்று பார்க்க ஓயாமல் மணலை அள்ளி மேலிருந்து விடுவான். அது நேரே காலடியில் விழும். பம்ப் அடித்து வைத்த பட்டம் சும்மா கிடந்தது.

கடைசி நாள், மத்தியானம் அவனுக்குப் படகு. எனக்கே எரிச்சல் தாங்கவில்லை.

“என்ன தம்பி, காத்துக்கும் லீவா?”

“கடுப்பேத்தாதீங்கமா. இனி அடுத்த வருஷந்தான் லா.”

நான் கற்பூரம் இல்லாமல் எங்கும் போகிறவள் இல்லை. ஒரு கட்டியைத் தேங்காய்ச் சிரட்டையில் வைத்து, கடலைப் பார்த்து ஏற்றினேன். சுடர் ஆடாமல் நின்றது. கற்பூரம் அணையட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

திடீரென்று சுடர் சாய்ந்தது. அவன் பாய்ந்து வந்து குனிந்து, இரண்டு கையாலும் அதை மறைத்துக்கொண்டான்.

“காத்து வந்துருச்சு, கையை எடுடா!”

“அணைஞ்சிரும்மா!”

அது எரிந்து முடிந்த பிறகே கையை எடுத்தான். அதற்குள் காற்று போய்விட்டது. அவனைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.