வெள்ளைப் பந்து நின்ற இடம்

கிரிசாந்தோ பூல் ஆட்டத்தில் தோற்றுவிட்டு வந்தால் அன்று வீட்டில் குற்றப்பத்திரிகை வாசிப்புதான். மேசைத் துணி நைந்துவிட்டது, மின்விசிறிக் காற்று பந்தைத் தள்ளியது, குறி பார்க்கும்போது எதிராளி செருமினான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனுக்கோ நன்றாகவே ஆடத் தெரியும். பிலிப்பைன்ஸின் தார்லாக் நகரத்தில் அவனுக்குச் சமமாக நிற்கிறவர்கள் நான்கைந்து பேர்தான். காலையில் டிரைசைக்கிள், அதாவது பக்கத்தில் பயணிப் பெட்டி பொருத்திய மோட்டார் சைக்கிள் ஓட்டுவான். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டால் சந்தைக்குப் பின்னால் இருக்கும் பூல் கூடத்தில்தான் கிடப்பான்.

அவன் மனைவி அம்பாரோ பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தாள். அவனைச் சோற்றுக்குக் கூப்பிடப் போய்ப் போய் ஒருநாள் தானும் குச்சியை எடுத்தாள். முதல் இரண்டு வருடம் எல்லோரிடமும் தோற்றாள். ஆனால் அவளுக்குச் சாக்குச் சொல்ல வரவில்லை. கூடத்து வாசலில் இஞ்சி போட்ட அரிசிக் கஞ்சி விற்பார்கள். ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, முடிந்த ஆட்டத்தைக் கடைசிப் பந்திலிருந்து முதல் பந்துவரை பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பாள். தையலைப் பிரிப்பதும் அப்படித்தானே.

பார்க்கப் பார்க்கத் தன் கோளாறுகள் பிடிபட்டன. அடித்து முடிக்கும் முன்பே தலையைத் தூக்கிவிடுகிறாள். முந்திவிட்டால் அவசரப்படுகிறாள். ஆண்கள் சுற்றி நின்றால் தேவைக்கு மேல் பலமாக அடிக்கிறாள். இந்தக் கடைசி விஷயத்தைத் தனக்குத் தானே ஒத்துக்கொள்ள ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று.

"செத்த பாம்பை எதுக்குடி அடிக்கிற?" என்பான் கிரிசாந்தோ. "ஆட்டம் முடிஞ்சு போச்சு, வா."

"பாம்பு சாகல கிரிஸ். அடுத்த வாரமும் இதே பாம்புதான் கடிக்கும்."

மூன்றாம் வருடம் டிசம்பரில், அந்த நான்கைந்து பேரில் ஒருவனான, கப்பலில் வேலை பார்த்துத் திரும்பிய பிடென்சியோவை அவள் ஜெயித்தாள். ஊரே வாயைப் பிளந்தது. அன்று நான்கு ஆட்டம் பின்தங்கியிருந்தவள், ஒவ்வொரு அடிக்கு முன்பும் நின்று மூச்சை இறக்கிவிட்டு அடித்தாள். பிடென்சியோ தடுமாறத் தொடங்கினான். பொறுமையாக நின்றால் பெரிய ஆளும் உடைந்துபோவான் என்பது அவள் கற்ற பாடம். அதற்குப் பிறகு ஆடிய ஆட்டமெல்லாம் அந்த ஒரு பாடத்தின் மேல்தான் நின்றது.

மே மாதம் மாகாணத் தேர்வுப் போட்டி நடந்தது. ஆணும் பெண்ணும் கலந்து ஆடலாம். ஜெயிக்கிறவர் மணிலாவுக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை காலை அரையிறுதியில் அம்பாரோவுக்கு எதிரே வந்து நின்றவன் கிரிசாந்தோ. முதலில் ஒன்பது ஆட்டம் எடுப்பவருக்கு வெற்றி; ஒன்பதாம் பந்தைப் போட்டவருக்கு ஆட்டம். எட்டுக்கு எட்டு என்று வந்து, கடைசி ஆட்டத்தில் மேசையில் எட்டாம் பந்தும் ஒன்பதாம் பந்தும் மட்டும் மிஞ்சின. அவன் முறை. எட்டாம் பந்து குழியின் வாயிலேயே இருந்தது. அவன் அடித்தான், பந்து விளிம்பில் பட்டு வெளியே வந்தது. அவள் இரண்டையும் போட்டு முடித்தாள்.

கிரிசாந்தோ அவளைத் தூக்கிச் சுற்றினான். "எம்பொண்டாட்டிடா! பாத்துக்குங்கடா!"

அவள் சிரித்தபடி வாசலுக்கு வந்து வழக்கம்போல உட்கார்ந்தாள். கடைசிப் பந்து, அதற்கு முந்தைய பந்து என்று மனத்துக்குள் பின்னால் போனாள். எட்டாம் பந்தில் நின்றுவிட்டாள். தோற்றும் அவன் துணியைத் திட்டவில்லை, மின்விசிறியைத் திட்டவில்லை. அதைவிட, குச்சியால் அடிக்கும் வெள்ளைப் பந்து அவன் அடித்த பிறகு நின்ற இடம் உறுத்தியது.

அவன் வெளியே வந்ததும் கேட்டாள். "எட்டாம் பந்தை ஏன் விட்ட?"

"நழுவிருச்சு. மனுஷன்தானே."

"நழுவினா வெள்ளைப் பந்து எங்கயாச்சும் போய் முட்டும். நீ அதை எனக்குத் தோதா கொண்டாந்து வச்சிருக்க, பச்சப்புள்ளைக்கு ஊட்டுற மாதிரி."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "மெதுவா பேசு. கரும்பு லாரிக்காரனுங்க பூரா எம்மேல பணம் கட்டினானுங்க. நான் வேற ஆள் மூலமா உம்மேல கட்டினேன். பொண்டாட்டி மேல பந்தயம் கட்டுறது ஒரு குத்தமா? என்னைத் தவிர எவன் கட்டுவான் உம்மேல?"

"இதான் மொத தடவையா?"

அவன் குச்சியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான்.

"கிரிஸ், டிசம்பர்ல?"

"பிடென்சியோவும் புள்ளகுட்டிக்காரன்தானே. பந்தயக் காசுல ஆளுக்குப் பாதி."

அவளுக்கு அழுகை வரவில்லை. நேரே போட்டி நடத்துபவரிடம் போய், அந்த வெற்றி தனக்கு வேண்டாம் என்று காரணத்தோடு சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். "தோத்தவன் புகார் குடுத்துப் பாத்திருக்கேன். ஜெயிச்சவங்க குடுத்து இப்பத்தான் பாக்குறேன். புருஷன் பொண்டாட்டி சண்டையை வீட்டோட வச்சுக்கம்மா. ரெண்டு மணிக்கு ஃபைனல், வந்து சேரு."

இறுதி ஆட்டத்தில் எதிரே காபாஸ் ஊர்க்காரி ஜோவலின், பத்தொன்பது வயதுப் பெண். ஏழுக்கு நான்கு என்று அம்பாரோ முந்தினாள். அடுத்த அடிக்குக் குனிந்தவள், வழக்கப்படி மூச்சை இறக்க நின்றாள். இந்த நிற்றல் எங்கே கற்றது என்ற நினைப்பு வந்தது. யாரும் உடையாத ஆட்டத்தில், உடைந்ததுபோல் நடித்தவனிடம் கற்றது. நிற்காமல் அடித்தாள். பிறகு எதை நம்பி நிற்பது, எதை நம்பி அடிப்பது என்றே தெரியவில்லை. எட்டுக்கு எட்டு ஆயிற்று. கடைசி ஒன்பதாம் பந்து ஒரு முழத் தூரத்தில், நேர்கோட்டில் இருந்தது. அவள் தவறவிட்டாள். ஜோவலின் அதைப் போட்டு ஜெயித்தாள்.

கிரிசாந்தோ முகம் வெளுத்து ஓடிவந்தான். "வேணும்னே விட்டுட்ட!"

"இல்ல."

"பொய் சொல்லாத! கண்ண மூடிக்கிட்டுப் போடுற பந்து அது! எம்மேல இருக்கிற வன்மத்துல என் வண்டியவே காவு குடுத்துட்டியேடி!"

இந்த முறையும் அவள் மேல்தான் கட்டியிருக்கிறான், டிரைசைக்கிளை.

சனம் கலைந்த பிறகு அவள் அந்த ஆட்டத்தையும் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தாள். தவறவிட்ட அந்த ஒன்பதாம் பந்தைத் தாண்டவே முடியவில்லை. தலை தானாக எழுந்ததா, எழட்டும் என்று விட்டாளா? இத்தனை வருடத்தில் தன்னைக் கேட்டுப் பதில் வராமல் போனது அதுவே முதல் தடவை.

ஜூன் மாதம் பக்கத்து ஊரான பனிக்கியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கிரிசாந்தோ இப்போது வேறொருவன் வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறான். மனைவியால் கெட்டவன் என்று ஊர் அவனுக்கு இரக்கப்படுகிறது. பனிக்கிக் கூடத்தில் அம்பாரோவை ஜெயிப்பவர்கள் அபூர்வம். தோற்கிற நாளில் மட்டும் ஓரமாக உட்கார்ந்து யோசிக்கிறாள். ஜெயித்தால் குச்சியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

புதிதாக ஆட வந்த ஒருத்தி ஒருநாள் வாசல்வரை பின்னாலேயே வந்தாள். "அக்கா, இன்னைக்கு எப்படி ஜெயிச்சீங்க? சொல்லிக் குடுங்களேன்."

"அவன் எப்படித் தோத்தான்னு அவனைப் போய்க் கேளு" என்று சொல்லிவிட்டு அம்பாரோ வழியில் வந்த ஜீப்னி வண்டியில் ஏறினாள்.