‘நீக்கு’ என்று ஒரு பட்டன்

என் கணவர் இறந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் அவர் எலெக்ட்ரீஷியன். ரெட்டிபாளையத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். முதல் மழைக்கு அந்தப் பக்கத்து ரோடெல்லாம் சுண்ணாம்புக்கல் தூசி கரைந்து வழவழவென்று ஆகிவிடும். அப்படி ஒரு காலையில் வேலைக்குப் போனவரின் பைக் சறுக்கிவிட்டது. செய்தி சொல்ல வந்தவர்கள் வாசலிலேயே தயங்கி நின்றார்கள். நான் அடுப்பிலிருந்த சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தேன். அதைப் பிறகு பலர் பலவிதமாகப் பேசினார்கள்.  கொதித்துக்கொண்டிருந்தது, இறக்கினேன்.

காரியம் முடிந்ததும் அண்ணன் என்னைப் பெரம்பலூருக்கு அழைத்துவந்துவிட்டான். அவனுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. வீடு கடைக்குப் பின்னாலேயே. அண்ணி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் சாப்பிட்டேன், படுக்கச் சொன்னால் படுத்தேன். துணி காயப்போடும்போது யாராவது கூப்பிட்டால் கையில் ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிடுவேன் என்று அண்ணி சொல்வாள். எனக்கு அது ஞாபகமில்லை.

ஒரு வருடம் போல் ஆகியிருக்கும். ஒரு மதியம் வீட்டுப் போன் அடித்தது. அண்ணி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள், நான் எடுத்தேன். ஓர் ஆண் குரல் என் பெயரைச் சொல்லிக் கேட்டது.

“நாந்தான் பேசறேன்.”

“சுவாதி நட்சத்திரம்தானே? பி.எஸ்ஸி. கம்ப்யூட்டரா?”

“ஆமாங்க.”

“கொழந்த இல்லேன்னு போட்டிருக்கு. ஒரு தடவ கலைஞ்சுதுன்னும் போட்டிருக்கு. டாக்டர் என்ன சொன்னாரு?”

நான் பதில் சொன்னேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு விளங்காதது. யார் நீங்கள் என்று கேட்கவில்லை. கல்லூரியில் வைவா கேள்விக்கு நிற்பதுபோல நின்று, மூன்றாம் மாதம், டாக்டர் பயமில்லை என்றார் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் “சரி, வூட்ல கலந்து பேசிட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டார். ரிசீவரை வைத்தபிறகு, அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தேன்.

பிறகு வேறு வேறு குரல்கள் வந்தன. அண்ணி எடுத்தால் தாழ்ந்த குரலில் பேசிவிட்டு வைத்துவிடுவாள். நான் என்னவென்று கேட்கவில்லை. கேட்டது ஒரு பஸ் பயணத்துக்குப் பிறகு. கணவரின் பி.எஃப். விஷயமாக அரியலூர் போய்விட்டுத் திரும்பும்போது பக்கத்து சீட்டில் ஒரு அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“ஏம்மா, நீ அந்தக் காயில் கடக்காரர் தங்கச்சிதானே? கம்ப்யூட்டர்ல உன் போட்டோவப் பாத்தேன். எம் பையனுக்குப் பாக்கறப்ப வந்துச்சு. பூலாம்பாடி வரன் ஒண்ணு வந்துதாமே, ஏம்மா வேண்டான்னுட்ட?”

“தெரியலீங்க” என்றேன். உண்மையிலேயே தெரியாது.

அந்த அம்மாளின் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. என் கையைப் பிடித்து, “சின்ன வயசு, பாத்துக்கம்மா” என்றுகூடச் சொன்னார். பஸ்ஸில் முன்னும் பின்னும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் கேட்டேன். அவன் கையில் செம்புக்கம்பிச் சுருள். அதைக் கீழே வைக்காமல் பேசினான்.

“ஒனக்காவத்தான் செஞ்சேன். நீ இப்புடியே உக்காந்திருந்தா எப்புடி? பஸ் ஸ்டாண்டாண்ட திருமணத் தகவல் மையம் இருக்குல்ல, அங்க பதிஞ்சேன்.”

“கலைஞ்சத எதுக்குச் சொன்ன?”

“நானா சொல்லணும்னு சொல்லல. அங்க கம்ப்யூட்டர்ல இருந்த பொண்ணு ஒண்ணொண்ணாக் கேட்டுச்சு. ‘கொழந்தை பத்தின விவரம்’னு ஒரு பொட்டி. இல்லேன்னு சொன்னேன். இன்னும் எதாவது எழுதணும், காலியா வுட்டா அடுத்த பக்கம் போவாதுன்னுச்சு. பின்னால நாலு பேரு நிக்கிறாங்க. அதான்...”

அண்ணி சமையலறைக்குள் அழ ஆரம்பித்தாள். நான் அவளிடம் மட்டும் சொன்ன விஷயம் அது. அவள் அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். எனக்கு அவள்மீதும் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் அந்த மையத்துக்குப் போனேன். நடத்துபவர் நல்ல மாதிரி மனிதர். உட்காரச் சொல்லி, திரையில் என் பக்கத்தைக் காட்டினார். கல்யாண போட்டோவில் என்னை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் என் கணவருடைய பட்டுச்சட்டைத் தோள் கொஞ்சம் மிச்சமிருந்தது. கீழே தமிழ் எழுத்தில் என் வாழ்க்கை ஆறு வரியில் இருந்தது. பிழை ஒன்றும் இல்லை.

“இத எடுத்துருங்க சார்.”

“எடுக்க முடியாதும்மா.”

“ஏன்?”

“அப்புடி ஒரு பட்டனே இல்ல. சேக்கலாம், திருத்தலாம், தேடலாம். அழிக்கறதுக்கு வழி வெக்கல. கல்யாணமாகிப் போன பொண்ணுங்களுக்கே இன்னும் போன் வருது. சாஃப்ட்வேர் போட்டவருகிட்டத்தான் கேக்கணும்.”

சாஃப்ட்வேர் போட்டவரின் ஆபீஸ் அதே ஊரில்தான் இருந்தது. துறையூர் ரோட்டில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. சென்னையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர், ஜாதகப் பொருத்தம் பார்க்கும் சாஃப்ட்வேர், இந்தத் திருமண சாஃப்ட்வேர் எல்லாம் அவர் எழுதியவை. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“இங்க அழிச்சாலும் பிரயோஜனம் இல்லம்மா. வாராவாரம் ஃப்ளாப்பியில புதுப் பதிவெல்லாம் மத்த மையத்துக்கும் போவுது. அரியலூர், ஜெயங்கொண்டம், துறையூர் எல்லாத்துலயும் நீங்க இருப்பீங்க. பஸ் கண்டக்டர்ட்ட குடுத்து அனுப்புறது. போனது திரும்பி வராது.”

“அந்தப் பொட்டிய ஏன் காலியா விட முடியாம வெச்சீங்க?”

 “பதிவு முழுசா இருக்கணும்னு வெச்சேன். வேற ஒண்ணும் நெனைக்கல.”

 எழுந்தேன். அவர், “பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர்னு போட்டிருந்துதே, விஷுவல் பேசிக் தெரியுமா?” என்று கேட்டார். வேலைக்கு இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாளாம். தெரியும் என்றேன். திங்கட்கிழமை வரச் சொன்னார். எதற்காகச் சரி என்றேன் என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்வதற்கும் அப்போது என்னிடம் ஒன்றும் இல்லை.

முதல் சில மாதம் பில் சாஃப்ட்வேரில்தான் வேலை. பிறகு அவரே ஒருநாள், “அந்தக் கல்யாண சாஃப்ட்வேர எடுத்துப் பாருங்க. நீக்கணும்னு வந்தீங்களே” என்றார். எடுத்தேன். முதலில் செய்தது நீக்குவது அல்ல. கட்டாயம் என்று குறித்திருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். துணை இறந்த காரணம், விவாகரத்துக்குக் காரணம், குழந்தை பற்றிய விவரம். இந்த மூன்றையும் திரையிலிருந்தே எடுத்துவிட்டேன். ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தவையும் புது ஃப்ளாப்பியைப் போட்டதும் அழியும்படி செய்தேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. “மாப்ளை வூட்டுக்காரங்க இதத்தாம்மா முதல்ல கேக்குறாங்க.”

“நேர்ல கேட்டுக்கட்டும் சார். எதிர்ல முகம் இருக்கும்ல. நாம கேக்காத விஷயம் நம்மகிட்டேருந்து வெளியில போவாது.”

அவர் டீ குடிக்கக் கீழே போனார். திரும்பி வந்து, “சரி, இருக்கட்டும்” என்றார்.

பிறகு போன் நம்பரை மறைத்தேன். தேடினால் வயது, நட்சத்திரம், படிப்பு, ஊர் மட்டும் வரும். பெண் வீட்டில் கேட்டு, சரி என்று சொன்ன பிறகு மையத்துக்காரர் குறித்தால்தான் பெயரும் போட்டோவும் நம்பரும் வரும். ‘நீக்கு’ என்று ஒரு பட்டன் வைத்தேன். அதை அழுத்தினால் அந்தப் பதிவு எண் அடுத்த வார ஃப்ளாப்பியில் ஏறி, எல்லா ஊரிலும் போய் அழிக்கும். பதிவு செய்யப்படுகிறவர் தானே ஒரு கடவுச்சொல் வைத்துக்கொள்ளும்படியும் செய்தேன். ஆள் நேரில் வராமல் யாரும் பதியக்கூடாது என்பது என் எண்ணம்.

புதியதைக் காட்ட மையத்துக்காரர்களை ஆபீசுக்குக் கூப்பிட்டோம். ஜெயங்கொண்டத்துக்காரர் முதலில் ஆரம்பித்தார். “நம்பரு காட்டலேன்னா எவன் சார் வருவான்? கண்ணாடிக்குள்ள மிட்டாய் வெச்சாத்தான் வியாபாரம்.” எனக்கு அந்த உவமை காதில் விழுந்தது, எங்கும் குத்தவில்லை. சுவிட்ச் போர்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரம்பலூர் மையத்துக்காரர்தான், “எனக்குப் பொண்ணு இருக்குய்யா. நான் போட்டுக்குறேன்” என்றார். துறையூரும், முனகிக்கொண்டே ஜெயங்கொண்டமும் ஒத்துக்கொண்டன. அரியலூர்க்காரர் பழையதே போதும் என்று போய்விட்டார். எங்கள் ஆபீஸ் சார் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. முடியாது, அவர்கள் காசு கொடுத்து சாஃப்ட்வேரை வாங்கியவர்கள்.

கடவுச்சொல் விஷயம் சிரிப்பாகப் போயிற்று. சில வாரம் கழித்துத் துறையூர் போய்ப் பார்த்தால் எல்லோருக்கும் ஒன்று இரண்டு மூன்று நான்கு என்றே போட்டிருந்தார்கள். “மறந்துட்டு வந்து நிக்கிறாங்கம்மா, நாங்க என்ன பண்றது?” என்றார்கள். அதுவும் நியாயம்தான். அதை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில், பதிவு முடிந்ததும் எழுதியிருப்பதெல்லாம் பெரிய எழுத்தில் ஒருமுறை திரையில் வரும்படி செய்தேன். ‘இதைப் படித்துப் பார்த்தீர்களா? எது வேண்டாமோ சொல்லுங்கள், எடுத்துவிடுகிறோம்’ என்று அதன்மேல் எழுதினேன்.

அது எப்படிப் போகிறது என்று பார்க்கப் பெரம்பலூர் மையத்தில் ஒருநாள் போய் உட்கார்ந்தேன். ஒரு பெண் அப்பாவோடு வந்தாள். ஆசிரியர் பயிற்சி முடித்தவள். எல்லாம் சொல்லி முடித்து, அந்தப் பெரிய எழுத்துத் திரை வந்ததும் எழுந்து கிட்டே வந்து வாய்விட்டுப் படித்தாள். “சம்பளம்னு இருக்கே, அது வேண்டாங்க. எங்க வேலைன்னும் வேண்டாம், ஸ்கூலுக்கே வந்து நிப்பாங்க” என்றாள். அப்பா, “ஏம்மா, இருந்துட்டுப் போவட்டுமே” என்றார். “எடுத்துருவோம்னு அவங்களே போட்டிருக்காங்கப்பா” என்றாள். எடுத்தார்கள்.  தண்ணீர் வாங்கிக் குடித்தேன். 

என் பதிவை நான் நீக்கியிருந்தும், அரியலூர் மையம் மாறாததால் எனக்கு வரும் போன்கள் குறைந்தனவே தவிர நிற்கவில்லை. ஒரு நாள் போன் செய்யாமல் ஓர் ஆள் ஆபீசுக்கே வந்துவிட்டார். வீட்டுக்குப் போயிருக்கிறார், அண்ணன் இடத்தைச் சொல்லி அனுப்பிவிட்டான். ஜெயங்கொண்டம் பக்கம் விவசாயம், மனைவி இறந்து இரண்டு வருடம் என்றார். படியேறியதில் மூச்சு வாங்கியது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“அரியலூர்ல ஒங்க வெவரம் பாத்தேங்க. நேர்ல பேசிரலாம்னு...”

“ஒங்க வெவரமும் அதுல இருக்கா, தெரியுமாங்க?” என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை. தேடிக் காட்டினேன். துறையூரில் யாரோ பதிந்திருந்தார்கள். பெயர், நிலம், மனைவியின் மறைவு ஆண்டு. நான் எடுத்துவிட்ட பெட்டிகள் திரையில் இல்லை. அவர் திரையையே பார்த்தார்.

“துறையூர் அக்கா பண்ணிருக்கும்” என்றார். பிறகு, “அவ எப்புடிச் செத்தான்னு இதுல இருந்துச்சாங்க?”

“இருந்திருக்கும். இப்ப இல்ல.”

“அது ஊர்லயே யாருக்கும் தெரியாதுங்க” என்றார். நான் அதற்குமேல் கேட்கவில்லை.   இரண்டு பேருமே கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. “எடுத்துருவீங்களா?” என்றார். பட்டனைக் காட்டி, அவரையே அழுத்தச் சொன்னேன். மௌஸைப் பிடிக்கத் தெரியவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அழிந்ததும், “அவ்ளோதானுங்களா?” என்றார். இங்கே அவ்வளவுதான், அரியலூரில் மட்டும் பழையது இருக்கும் என்றேன். “போயிட்டு வரேங்க” என்று கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழில் ஆபீசை மூடினோம். பிரவுசிங் சென்டர்களில் எல்லோரும் இன்டர்நெட்டிலேயே வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பெரிய கம்பெனிகளின் இணையதளங்கள். மையங்கள் ஒவ்வொன்றாக ஜெராக்ஸ் கடைகளாகின. எனக்குத் திருச்சியில் ஒரு வேலை கிடைத்திருந்தது. கம்ப்யூட்டர்களை வாங்கிக்கொள்ளத் திருச்சியிலிருந்து பழைய சாமான் வியாபாரி ஒருவர் டெம்போவோடு வந்தார். நான் ஹார்ட் டிஸ்க்குகளை அழித்துத்தான் தருவேன் என்றேன்.

“யாரும்மா அதப் பாக்கப் போறாங்க?” என்றார் சார்.

“தெரியல சார். ஆனா ஊர்ச் சனம் அத்தன பேரும் அதுக்குள்ள இருக்காங்கல்ல.”

அவர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கீழே போனார். ஒவ்வொன்றாக அழித்தேன். ஃபார்மேட் செய்தால் மட்டும் போதாது, மேலே வெறும் பூஜ்யங்களாக எழுத வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். நடுவில் ஒருமுறை கரண்ட் போய், வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். வியாபாரி வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பசித்தது. டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். உப்பு போதவில்லை என்று தெரிந்தது.

“ஏம்மா, இந்த மௌஸு, கீ போர்டெல்லாம் இதோட சேத்திதானே?” என்று வியாபாரி கேட்டார்.

“சேத்திதாங்க” என்றேன்.